சட்டைக்கு ஒரு வெயில் பரிசோதனை: நீலக் காகிதமும் யூவி சென்சாரும்

வெயிலுக்கென்றே விற்கும் உடைகளில் யூபிஎஃப் 50 என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். தோலைச் சிவக்க வைக்கும் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம்தான் துணியைத் தாண்டி உள்ளே வரும் என்று அர்த்தம். 15 என்றால் 6.7 சதவீதம். சரி, புரிகிறது. ஆனால் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் மற்ற சட்டைகளில் அப்படி எந்த எண்ணும் கிடையாது. தினமும் போட்டுக்கொண்டு வெயிலில் அலைவதோ அவற்றைத்தான். வீட்டிலேயே அவற்றைச் சோதித்து வரிசைப்படுத்த முடியுமா என்று பார்க்கத்தான் இந்த வேலையில் இறங்கினேன். ஆய்வகத் துல்லியம் வராது. எதை உச்சி வெயிலுக்கு எடுப்பது, எதை மாலைக்கு ஒதுக்குவது என்று முடிவு செய்யும் அளவுக்கு வருகிறது.

எல்லாரும் முதலில் செய்வது துணியை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பது. (விளக்குக்கு எதிரே மட்டும். சூரியனைப் பார்த்துப் பிடித்தால் கண் கெடும்.) இது மோசமான சோதனை இல்லை. நூலுக்கும் நூலுக்கும் நடுவே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், அந்த ஓட்டை வழியாகப் புற ஊதாவும் அப்படியே வரும். துணியின் பரப்பில் 5 சதவீதம் ஓட்டை என்றால், நூல் இரும்பாகவே இருந்தாலும் அந்தத் துணி யூபிஎஃப் 20-ஐத் தாண்டாது. எந்தச் சாயம் ஏற்றினாலும் ஓட்டையில் ஏறாது அல்லவா.

கண்ணால் பிடிக்க முடியாதது இன்னொரு வழி: நூலின் ஊடாகவே நுழைந்து வரும் கதிர். வெளுத்த பருத்தி இழை புற ஊதாவைப் பெரிதாக உறிஞ்சாது, பெரும்பாலும் சிதறடிக்கத்தான் செய்யும். வெளுக்காத பருத்தியில் இயற்கையான நிறமிகள் மிச்சமிருப்பதால் அது கொஞ்சம் கூடுதலாகத் தடுக்கும். பாலியஸ்டர் கதை வேறு. அதன் மூலக்கூறில் இருக்கும் பென்சீன் வளையங்கள் சுமார் 310 நானோமீட்டர் அலைநீளத்துக்குக் கீழே உள்ள கதிரை நன்றாக விழுங்கிவிடும், அதற்கு மேலே அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. இது எதுவும் விளக்குக்கு எதிரே தெரியாது. ஒரே தடிமனில் இரண்டு வெள்ளைச் சட்டைகளைப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதனால் புற ஊதாவை உணரும் ஏதாவது ஒன்று வேண்டும். நான் தொடங்கியது சயனோடைப் காகிதத்தில். 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த பழைய அச்சு முறை இது, கட்டட வரைபடங்களை நீல நிறத்தில் நகலெடுத்தது இதே வேதியியலில்தான். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி தண்ணீரில் ஒரு பாட்டில், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை 100 மில்லியில் இன்னொரு பாட்டில். வேண்டும்போது இரண்டையும் சம அளவு கலந்து, மங்கலான மஞ்சள் விளக்கில் கெட்டிக் காகிதத்தில் பிரஷ்ஷால் பூசி, இருட்டில் காயவிட வேண்டும். பெயரில் சயனைடு இருக்கிறதே என்று மிரள வேண்டாம். ஆனால் அமிலத்தோடு சேர்ப்பதும் சூடாக்குவதும் கூடவே கூடாது. கையுறை போட்டுக்கொண்டு செய்தால் போதும். கலக்கச் சோம்பலாக இருந்தால் பூசிய காகிதமே பொட்டலமாகக் கிடைக்கிறது.

இந்தக் காகிதத்தின் மேல் துணியை வைத்து வெயில் காட்டினால், கதிர் பட்ட இடம் கழுவிய பின் நீலமாகும், படாத இடம் வெள்ளையாகிவிடும். எவ்வளவு நீலம் என்றால் எவ்வளவு கதிர்? இதற்கு ஒரு அளவுகோல் இல்லாவிட்டால் வெறும் வேடிக்கையாகத்தான் முடியும். அளவுகோலை அதே காகிதத்தில் உருவாக்கிக்கொள்ளலாம். ஒரு ஓரத்தைத் துணி போடாமல் திறந்து விட்டு, ஒரு நிமிடம் ஆனதும் முதல் கட்டத்தைக் கெட்டி அட்டையால் மூட வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் அடுத்த கட்டம், நாலில் அடுத்தது, எட்டில் அடுத்தது, கடைசிக் கட்டம் பதினாறு நிமிடமும் திறந்தே இருக்கும். துணித் துண்டுகளும் பதினாறு நிமிடம் முழுக்க வெயிலில் இருக்கும். கழுவிக் காயவைத்த பிறகு, ஒரு துணிக்கு அடியில் உள்ள நீலம் இரண்டு நிமிடக் கட்டத்தோடு ஒத்துப்போனால், அந்தத் துணி பதினாறில் இரண்டு, அதாவது எட்டில் ஒரு பங்கை உள்ளே விட்டிருக்கிறது. கணக்கு அவ்வளவுதான்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வெயில் பட்ட இடம் கழுவும்போது கிட்டத்தட்ட வெள்ளையாகப் போய்விடும். ஆக, பதினாறு நிமிடக் காகிதத்தில் 6 சதவீதத்துக்குக் கீழே எல்லாத் துணியும் ஒரே மாதிரி வெள்ளை. கெட்டித் துணிகளுக்குத் தனிக் காகிதம் எடுத்து ஒரு மணி நேரம் விட வேண்டும். இன்னொன்று, கழுவிய உடனே நிறத்தைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. காயக் காய நீலம் இறுகும். மறுநாள் பார்ப்பது நல்லது.

நான் வெட்டி வைத்த துண்டுகள்: தேய்ந்த வெள்ளை பனியன் துணி, மெல்லிய மஸ்லின், வெள்ளைப் பாப்ளின் சட்டைத் துணி, வெள்ளைப் பாலியஸ்டர் விளையாட்டுச் சட்டை, அதே ரக பனியன் கருநீலத்தில், கனமான ஜீன்ஸ். தையலில் மிஞ்சிய துணியும் கிழிந்த உடுப்பும் வீட்டில் இருந்தால் போதும். நல்ல சட்டையை வெட்டத் தேவையில்லை, ஓரத்தை மடித்துப் பரப்பி டேப் ஒட்டிவிடலாம். துணி காகிதத்தோடு ஒட்டிக் கிடக்க வேண்டும், தூக்கிக்கொண்டு நின்றால் பக்கவாட்டு வெளிச்சம் புகும்.

காய்ந்த காகிதத்தை ஒரு பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் விஷயம் தெளிவாயிற்று. மஸ்லினுக்கு அடியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக வெளிறிய கோடுகளாக, ஒவ்வொரு சதுர இடைவெளியும் ஒரு கருநீலப் புள்ளியாகப் பதிந்திருந்தது. எண்ணிவிடலாம் போல அவ்வளவு சுத்தமான அச்சு. ஓட்டை வழியாக வந்தது எவ்வளவு, நூல் வழியாகக் கசிந்தது எவ்வளவு என்று இரண்டும் தனித்தனியாகத் தெரிகிறது. பாலியஸ்டர் சட்டைக்கு அடியில் புள்ளியே இல்லை. நெருக்கமான பின்னல், ஓட்டை கிடையாது. ஆனால் மூடுபனி போல ஒரே சீரான வெளிர்நீலம். எல்லாமே நூலை ஊடுருவி வந்தது. ஜீன்ஸுக்கு அடியில் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் வெறும் வெள்ளை. கருநீல ஜீன்ஸின் யூபிஎஃப் ஆயிரத்துக்கும் மேலே போகும், இந்தக் காகிதம் அதை அளக்க வழியே இல்லை.

வெள்ளை பனியனும் கருநீல பனியனும் பக்கத்துப் பக்கத்தில்: ஒரே பின்னல், கிட்டத்தட்ட ஒரே கனம், சாயம் மட்டும் வேறு. வெள்ளைக்கு அடியில் இரண்டு நிமிடக் கட்டத்தைவிடக் கொஞ்சம் அடர்ந்த நீலம், கருநீலத்துக்கு அடியில் ஒன்றுமில்லை. சாயம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் உறிஞ்சுவதில்லை, பெரும்பாலான அடர்நிறச் சாயங்கள் புற ஊதாவையும் சேர்த்தே விழுங்குகின்றன. ஒரே சாயம் அடர்த்தியாக ஏறினால் பாதுகாப்பும் கூடும். மஞ்சள் துணி மட்டும் இந்தக் காகிதத்தை ஏமாற்றும். சயனோடைப் புற ஊதாவோடு ஊதா, நீல ஒளியையும் ஓரளவு உணரும். மஞ்சள் சாயம் அந்த நீலத்தைத் தடுத்துவிடுவதால், மஞ்சள் சட்டை தன் தகுதிக்கு மேலே மதிப்பெண் வாங்கிவிடும்.

காகிதத்தில் செய்ய முடியாதது ஈரத் துணி, இழுத்த துணி. அதற்குத்தான் சென்சார். எம்எல்8511 என்ற சிறிய யூவி, அதாவது புற ஊதா, சென்சார் பலகை பரவலாகக் கிடைக்கிறது. 280 முதல் 390 நானோமீட்டர் வரை உணரும், 3.3 வோல்ட்டில் ஓடும், அளவுக்கேற்ப வெளியே ஒரு வோல்டேஜ் தரும். அர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் மாட்டலாம். ஆனால் அதன் 10 பிட் உள்ளீட்டில் ஒரு படி என்பது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். நம் அளவோ பத்து, பதினைந்து மில்லிவோல்ட்டில் விளையாடுவது. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரை நேரே வெளியீட்டு முனையில் வைத்தால் இன்னும் நுணுக்கமாகப் படிக்கலாம், நிரலும் எழுத வேண்டாம்.

சென்சாரை ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள், மூடியில் போட்ட துளைக்கு நேர் கீழே, விளிம்போடு ஒட்டினாற்போல் பதித்தேன். துணி மூடியின் மேல் படுக்கும்போது சென்சாருக்கும் துணிக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருக்க வேண்டும். காரணம் உண்டு. துணி கதிரை நேரே அனுப்பாது, நாலாபுறமும் சிதறடிக்கும். சின்னத் துண்டை உயரத்தில் தூக்கிப் பிடித்தால் சிதறியதில் பாதி சென்சாரைத் தொடாமலே போய்விடும், துணி உண்மையைவிட நல்லதாகத் தெரியும். ஆய்வகங்களில் சிதறியதையெல்லாம் சேர்த்துப் பிடிக்க உட்புறம் வெள்ளை பூசிய கோளம் ஒன்றை வைத்திருப்பார்கள். நமக்கு நெருக்கம்தான் கோளம்.

துணியைப் பிடிக்க எம்பிராய்டரி ஃப்ரேம். இந்த வேலைக்கென்றே செய்தது போல அமைகிறது. தளர்வாக மாட்டி ஒரு அளவு, நன்றாக இழுத்துத் திருகி இறுக்கி ஒரு அளவு எடுக்கலாம். ஈரச் சோதனைக்கு ஒரு ஸ்பிரே பாட்டில், டப்பாவின் துளைக்கு மேல் மெல்லிய பாலித்தீன் தாள். அந்தத் தாளை எல்லா அளவுகளுக்கும் அப்படியே விட்டு வைத்தால் அது தடுப்பதும் கணக்கில் சமமாகிவிடும்.

முக்கியமான ஒன்று. இந்தச் சென்சார் கும்மிருட்டிலும் சுமார் 1 வோல்ட் காட்டும், அதன் அமைப்பே அப்படி. துளையை முழுக்க மூடி இருட்டு அளவை எடுத்து, ஒவ்வொரு அளவிலிருந்தும் கழிக்க வேண்டும். எனக்கு இருட்டில் 1.00 வோல்ட், தெளிந்த உச்சி வெயிலில் 1.70. ஆக வெயிலின் பங்கு 700 மில்லிவோல்ட். துணி போட்டதும் 1.14 காட்டினால் வந்தது 140 மில்லிவோல்ட், அதாவது 20 சதவீதம். கழிக்காமல் 1.14-ஐ 1.70-ஆல் வகுத்தால் 67 சதவீதம் என்று வரும், எந்தச் சட்டையும் தேறாது. மேகம் ஓடும் நாளில் இதைத் தொடவே வேண்டாம். தெளிந்த நாளிலும் ஒவ்வொரு துணிக்கும் முன்னும் பின்னும் வெறும் வெயிலை ஒரு முறை படித்துக்கொள்வது நல்லது. வெயிலுக்குப் பதில் கையடக்க யூவி டார்ச் வைக்கலாமே என்று தோன்றும். மலிவான டார்ச்சுகள் 395 நானோமீட்டரில் எரிபவை, கண்ணுக்குத் தெரியும் ஊதாவுக்குப் பக்கத்தில். அதை வைத்து வெயிலுக்குத் துணி தேர்ந்தெடுக்க முடியாது.

டார்ச் வேறொன்றுக்கு உதவியது. புது வெள்ளைச் சட்டைமேல் அடித்தால் பளீரென்று நீலமாக ஒளிரும். துணியிலும் சோப்புத் தூளிலும் சேர்க்கும் வெண்மையூட்டிகள் புற ஊதாவை உறிஞ்சி நீல ஒளியாகத் திருப்பி விடுகின்றன, வெள்ளை வெளேரென்று தெரிவது அதனால்தான். உறிஞ்சும் அளவுக்கு அது தோலுக்கும் லாபம். வெளுக்காத பருத்தித் துணி டார்ச்சுக்கு அடியில் மந்தமாகவே கிடந்தது.

ஈரச் சோதனை முடிவு கொஞ்சம் கடுமையானது. வெள்ளை பனியன் உலர்ந்த நிலையில் 15 சதவீதம் விட்டது. தண்ணீர் தெளித்து நனைந்ததும் 28. ஏறக்குறைய இரண்டு மடங்கு. பருத்தி இழையின் ஒளிவிலகல் எண் சுமார் 1.55, காற்றுக்கு 1. இந்த வித்தியாசத்தால்தான் கதிர் ஒவ்வொரு இழை முனையிலும் சிதறித் திரும்புகிறது. இழைகளுக்கு நடுவே காற்று போய் 1.33 உள்ள தண்ணீர் புகுந்ததும் வித்தியாசம் சுருங்கி, கதிர் தடையில்லாமல் நுழைகிறது. நனைந்த வெள்ளைச் சட்டையில் உடம்பு தெரிவதும் இதே காரணத்தால். வியர்வையில் முதுகோடு ஒட்டிய சட்டைக்கு இதுதான் உண்மையான எண். கருநீல பனியன் நனைந்தும் மீட்டரை அசைக்கவில்லை. அங்கே வேலை செய்வது சிதறல் இல்லை, சாயம்.

இழுத்துப் பார்த்ததில் லைக்ரா என்ற நெகிழும் இழை கலந்த கறுப்புத் துணி ஒன்று மாறியது. தளர்வாக இருக்கையில் அளக்க முடியாத அளவு குறைவு. ஃப்ரேமில் முழுக்க இழுத்ததும், பின்னல் கண்கள் விரிந்து 6 சதவீதம். கறுப்புச் சாயம் நூலில்தானே இருக்கிறது. முழங்கால், தோள்பட்டை, பிட்டம் போன்ற இடங்களில் இந்தத் துணி எப்போதுமே இழுபட்டுத்தான் இருக்கும். ஒரு அளவு பெரியதாக வாங்குவது வெயில் கணக்கில் லாபம். பருத்திக்கு நேரெதிர். முதல் சில சலவைகளில் துணி சுருங்கி நெசவு நெருங்குவதால் பாதுகாப்பு ஏறும், பிறகு ஆண்டுக்கணக்கில் தேய்ந்து மெலியும்போது இறங்கும்.

இங்கேதான் அச்சிட்ட எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996-ல் கொண்டுவந்த ஏஎஸ்/என்இசட்எஸ் 4399 தரத்தில் துணியைப் புதிதாக, உலர்ந்த நிலையில், இழுக்காமல் அளக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது சரியான முறைதான், எல்லாருக்கும் ஒரே நிபந்தனை. அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் டி6544 முறைப்படி துணியை 40 சலவைக்குச் சமமாகத் துவைத்து, செயற்கை வெயிலும் காட்டி, நீச்சல் உடையென்றால் குளோரின் தண்ணீரிலும் போட்ட பிறகுதான் அளப்பார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. உடம்பில் கிடக்கும் சட்டைக்கு இது இன்னும் நெருக்கம்.

என் அளவுகளுக்கும் யூபிஎஃப்புக்கும் உள்ள தூரத்தையும் சொல்லிவிட வேண்டும். பூமிக்கு வந்துசேரும் புற ஊதாவில் பெரும்பகுதி யூவிஏ என்ற நீண்ட அலைநீள வகை, அதனால் காகிதமும் சென்சாரும் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். யூபிஎஃப் கணக்கோ, தோல் சிவப்பதற்கு எந்த அலைநீளம் எவ்வளவு காரணம் என்ற எடையைப் போட்டுக் கூட்டுவது. 298 நானோமீட்டர் வரை எடை 1 என்றால், 328-ல் அது சுமார் 0.0015-ஆக விழுந்துவிடும். ஆகவே கீழ் அலைநீளங்களை விழுங்கும் பாலியஸ்டர், யூபிஎஃப்பில் என் சென்சார் காட்டுவதைவிட நல்ல மதிப்பெண்ணே வாங்கும். என் பட்டியலில் பாலியஸ்டர் சட்டையை ஒரு படி மேலே தூக்கித்தான் வைத்தேன். அதற்காக யூவிஏ அளவை ஒதுக்கிவிட முடியாது. தோல் சுருங்குவதிலும் தளர்வதிலும் அதற்குப் பெரிய கை உண்டு. ஐரோப்பியத் தரமான இஎன் 13758-2, யூபிஎஃப் 40-க்கு மேல் இருப்பதோடு யூவிஏ 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும் தனியாகக் கேட்கிறது.

20 சதவீதம் விட்டது எது என்றால், எனக்குப் பிடித்த மெல்லிய வெள்ளைப் பாப்ளின் சட்டைதான். காற்றோட்டமாக இருக்கும், தூக்கிப் போட மனமில்லை. அதை அளக்கும்போது ஒன்று கவனித்தேன். முதுகுப் பகுதியில் 140 மில்லிவோல்ட் காட்டிய அதே சட்டை, தோள்பட்டையில் 35 மட்டும் காட்டியது. சட்டை தைக்கும்போது தோளில் யோக் என்று இரட்டைத் துணி வைப்பார்கள். முதல் துணி ஐந்தில் ஒரு பங்கை விட, இரண்டாவது அதில் ஐந்தில் ஒரு பங்கை விடும், கணக்குப்படி 4 சதவீதம். நடுவில் முன்னும் பின்னும் பட்டுத் தெறித்து வருவதால் 5.

அந்த யோக்கையே கீழே நீட்டிவிடலாம் என்று தோன்றியது. யோக்கின் கீழ்த் தையலிலிருந்து முதுகின் நடுப்பகுதி வரை உள்ளே ஒரு லைனிங். கருநீலத் துணி வெளியே நிழல் போலத் தெரியும், அதனால் வெளிர் காக்கி நிறத்தில் பழைய பருத்திச் சட்டை ஒன்றிலிருந்து வெட்டினேன். பல சலவை கண்ட துணி என்பதால் இனிச் சுருங்கி முதுகை இழுக்காது. மேல் ஓரத்தை யோக் தையலோடும் பக்க ஓரங்களைக் கைக்குழித் தையலோடும் பக்கத் தையலோடும் சேர்த்துப் பிடித்தேன். கீழ் ஓரத்தை மடித்து அடித்து அப்படியே தொங்க விட்டேன், முதுகுத் துணியோடு தைக்கவில்லை. தைத்திருந்தால் நடுவில் காற்று நுழைய வழி இருக்காது, குனியும்போது குறுக்கே ஒரு கோடும் விழும்.

டப்பாவில் வைத்துப் பார்த்தால் முதுகில் 10 மில்லிவோல்ட். ஒன்றரை சதவீதம். தண்ணீர் தெளித்தபோது 20-ஐத் தாண்டவில்லை. கைகளில் இன்னும் ஒற்றைத் துணிதான், அங்கே 140 அப்படியே இருக்கிறது. கைக்குள் லைனிங் வைத்தால் முழங்கையில் உருண்டு திரளும் என்பதால் அதைத் தொடவில்லை. வெயிலில் அந்தச் சட்டையைப் போடும் நாளில் கைக்கு மட்டும் சன்ஸ்கிரீன் தடவிக்கொள்கிறேன்.